ஹைதராபாத்தில் மூன்று நாள், அத்தையோடு

கிளம்ப இன்னும் ஒரு வாரம்

தை பிறந்ததும் நாத்தனாருக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம். வளையல் எங்கே வாங்கலாம் என்று ஐப்பசியில் ஒருநாள் பேச்சு வந்தது. அத்தை எழுந்து போய் பீரோவைத் திறந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து வந்தார். உள்ளே ஒற்றை அரக்கு வளையல். கரும்பச்சை நிறம், சுற்றிலும் பொடிக் கல் பதித்தது. மூன்று கல் உதிர்ந்து குழி மட்டும் தெரிந்தது.

நாற்பது வருடத்துக்கு முன் வேலை விஷயமாக ஹைதராபாத் போன மாமா ஒரு ஜோடி வாங்கி வந்தாராம். அதில் மிஞ்சியது இந்த ஒன்று. "லாட் பஜார்னு ஒரு தெருவாம் கண்ணு. தெரு முழுக்க வளையல்தானாம். உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருந்தாரு" என்றார் அத்தை. மாமா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. வளைகாப்பு வளையலை அங்கேயே போய் வாங்கிவிடலாம் என்று நான் சொன்னதும் முதலில் வேண்டாம் என்றார். அப்புறம் இரண்டு நாள் கழித்து, "ரயில்ல எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அவரே கேட்டார்.

சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள்தான். பிள்ளைகளை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அத்தைக்கு 67 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக எவ்வளவு தூரமும் நடப்பார், படிதான் ஆகாது. அதனால் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைத் தொடவே இல்லை. எங்கே படி குறைவு, எங்கே உட்கார இடம் இருக்கும் என்று பார்த்துத்தான் திட்டம் போட ஆரம்பித்தேன்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அன்று காலை எட்டு மணிக்கே தயாராக உட்கார்ந்திருந்தேன். மூத்தவர்களோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லோயர் பெர்த் கோட்டா என்று ஒன்று இருக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் அது உண்டு. ஆனால் அந்த வயது ஆகாத ஒருவரை அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்தக் கோட்டாவில் இடம் கிடைக்காது. எனக்கு 38. அதனால் அத்தைக்குத் தனி டிக்கெட், எனக்குத் தனி டிக்கெட். ஒரே பெட்டியில் கிடைத்தது. அதற்கே மனசு நிம்மதியாகிவிட்டது.

அடுத்து, எதைப் பார்ப்பது. வரைபடத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்த்தால் நகரம் எனக்கு மூன்று பக்கமாகப் பிரிந்து தெரிந்தது. நடுவில் ஹுசேன் சாகர் ஏரி. தெற்கே மூசி ஆறு, அதைத் தாண்டினால் சார்மினாரும் பழைய நகரமும். மேற்கே கோல்கொண்டா கோட்டை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான், அதற்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ராமோஜி ஃபிலிம் சிட்டி ஊருக்கு வெளியே ரொம்ப தூரம், அதற்கே ஒரு முழு நாள் போய்விடும், விட்டுவிட்டேன். சௌமஹல்லா அரண்மனையை விடத்தான் மனசு வரவில்லை. ஆனால் அதையும் சாலார் ஜங் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பார்த்தால் அத்தை சாயந்திரம் பஜாரில் நிற்க மாட்டார். பஜாருக்காகத்தானே போகிறோம். இந்த அரண்மனை, அருங்காட்சியகம் இரண்டுமே வெள்ளிக்கிழமை விடுமுறை. போகிறவர்கள் அதைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும்.

விடுதிக்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன். ஹைடெக் சிட்டி பக்கம் புதுப்புது ஓட்டல்கள் படத்தில் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து பழைய நகரத்துக்கு வர நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். அந்தப் போக்குவரத்தில் காலையில் ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம் என்று கழிந்தால் மூன்று நாளில் அரை நாள் வண்டியிலேயே போய்விடும். சார்மினார் பக்கத்திலேயே தங்கலாம் என்றால் ராத்திரி அத்தைக்குத் தூக்கம் வருமா என்ற கவலை. கடைசியில் லக்டி கா புல் பகுதியைப் பிடித்தேன். மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் இருக்கிறது. நாம் ரயிலை விட்டு இறங்கும் நாம்பள்ளி இரண்டாவது ஸ்டேஷன். பழைய நகரத்துக்குப் போக இறங்க வேண்டிய எம்.ஜி.பி.எஸ். (மகாத்மா காந்தி பஸ் நிலையம்) ஐந்தாவது. மேற்கே கோல்கொண்டாவுக்கும் நேரே ஒரு வண்டி பிடித்துவிடலாம்.

முன்பணம் கட்டும் முன் விடுதிக்குப் போன் செய்தேன். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, லிஃப்ட் உண்டா, அறைக் கணக்கு பகல் 12-க்கு 12-ஆ அல்லது உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா. காலை ரயிலில் இறங்குகிறவர்களுக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம். இங்கே 12-க்கு 12. எட்டு மணிக்கே அறை வேண்டுமென்றால் அரை நாள் வாடகை கூடுதல் என்றார்கள். சரி என்றேன். ராத்திரி முழுக்க ரயிலில் வந்தவரை வரவேற்பறை நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார வைக்க முடியாது.

வெள்ளி இரவு, ரயிலில்

சென்னையில் சாயந்திரம் ஏறினோம். இட்லிப் பொட்டலம், மிளகாய்ப் பொடி, ஃபிளாஸ்கில் வெந்நீர். கூடூர் தாண்டியதும் அத்தை படுத்துவிட்டார். பொட்டலத்தில் இருந்த வளையலைக் கைப்பைக்குள் வைத்து, பையைத் தலைமாட்டில் வைத்திருக்கிறார். மார்கழிக் குளிர் ஜன்னல் இடுக்கில் வருகிறது. போர்வை ஒன்று கூடுதலாகக் கொண்டுவந்தது நல்லதாயிற்று. மீதி நாளைக்கு.

முதல் நாள், சனிக்கிழமை

நாம்பள்ளியில் இறங்கியபோது நல்ல வெயில், ஆனாலும் காற்று சில்லென்று இருந்தது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மெட்ரோ பக்கத்திலேயே. ஆனால் பெட்டியோடு அத்தையை ஏற்றி இறக்க வேண்டாம் என்று ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் தெலுங்கில் பேசினார், அத்தை தமிழில் பதில் சொன்னார், இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது. அம்மா, இல்லு, நீள்ளு என்று பாதி வார்த்தை நம் வீட்டு வார்த்தை மாதிரியேதான் இருக்கிறது.

விடுதியில் ஒரு கஷ்டம். லிஃப்ட் உண்டு என்று சொன்னது உண்மைதான். ஆனால் அது முதல் மாடியிலிருந்துதான் தொடங்குகிறது. தெருவிலிருந்து லிஃப்ட் வரைக்கும் 14 படி. நான் எண்ணினேன். அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு விடுதிக்குப் போகலாமா என்று கேட்டேன். "விடு கண்ணு, ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏறினா போதுமில்ல" என்றார். அதையே திட்டமாக வைத்துக்கொண்டோம். காலையில் இறங்கினால் ராத்திரிதான் ஏறுவது, நடுவில் அறைக்கு வருவது கிடையாது. இனி எந்த விடுதிக்குப் போன் செய்தாலும் "லிஃப்ட் தரைத்தளத்திலிருந்து இருக்கிறதா, வாசலில் எத்தனை படி" என்றுதான் கேட்பேன். பெரியவர்களோடு போகிற எல்லாரும் தயவுசெய்து இதைக் கேளுங்கள்.

மதியம் வரை தூங்கினோம். எழுந்து ஒரு ஆந்திரா மெஸ்ஸில் சாப்பாடு. சூடான சாதத்தில் பருப்புப் பொடியும் நெய்யும் விட்டுப் பிசைந்து, தொட்டுக்கொள்ள கோங்கூரா. புளிச்சக்கீரை என்று நாம் சொல்வதுதான். ஆனால் அந்தப் புளிப்பும் காரமும் வேறு. அத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

நாலு மணிக்கு ஏரிக்கரை. ஹுசேன் சாகர் 1562-இல் கோல்கொண்டா அரசர் இப்ராகிம் குலி குதுப் ஷா காலத்தில் வெட்டியது. ஹைதராபாத் நகரத்தைவிட அந்த ஏரிக்கு வயது அதிகம். நகரம் பிறந்தது அதற்குப் பிறகு 1591-இல்தான். ஏரியின் ஒரு பக்கம் ஹைதராபாத், இன்னொரு பக்கம் செகந்திராபாத். நடுவில் ஒரு பாறைத் திட்டில் புத்தர் நிற்கிறார். லும்பினி பூங்காவிலிருந்து படகில் போனோம்.

அந்தப் புத்தர் ஒரே கல்லில் செதுக்கியவர், எடை சுமார் 350 டன். 1990 மார்ச்சில் படகுத் தளத்தில் வைத்து ஏரிக்குள் கொண்டுபோகும்போது தளம் சாய்ந்து சிலை தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. பத்துப் பேர் இறந்துபோனார்கள். இரண்டு வருடத்துக்கும் மேலாக ஏரியின் அடியில் கிடந்த சிலையை மேலே தூக்கி, 1992 டிசம்பரில் நிறுத்தினார்கள். படகில் போகும்போதே இதை அத்தைக்குச் சொன்னேன். பீடத்துக்குக் கீழே இறங்கியதும் அவர் சிலையைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டார். "அந்தப் பத்துப் பேருக்கு" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

திரும்பும்போது ஈரானி டீ. பாலைத் தனியாக நெடுநேரம் சுண்டக் காய்ச்சி, டிக்காஷனைத் தனியாகக் கொதிக்க விட்டு, கப்பில் ஊற்றும்போதுதான் சேர்க்கிறார்கள். கூடவே உஸ்மானியா பிஸ்கட். இனிப்பும் லேசான உப்பும் சேர்ந்தது, டீயில் முக்கினால் கரைந்து போகிறது. 14 படியையும் ஏறி அறைக்கு வந்தாயிற்று. நாளைக்குத்தான் பஜார்.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

லக்டி கா புல்லில் மெட்ரோ ஏறி எம்.ஜி.பி.எஸ்.ஸில் இறங்கினோம். ஸ்டேஷனில் லிஃப்ட் இருந்ததால் அத்தைக்குச் சிரமமே இல்லை. சார்மினார் பக்கத்துக்கு மெட்ரோ இல்லை, இங்கிருந்து ஆட்டோதான்.

மூசி ஆற்றைக் கடக்கும்போது பார்த்தால் நடுவில் கொஞ்சம் தண்ணீர்தான் ஓடுகிறது. இந்த ஆறு 1908 செப்டம்பரில் பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. கரையோரம் அஃப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்ட 150 பேர் பிழைத்தார்கள். அந்த மரம் இன்னும் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. அப்படி ஒரு வெள்ளம் இனி வரக்கூடாது என்றுதான் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை வரவழைத்து யோசனை கேட்டார்கள். உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்று மேலே இரண்டு நீர்த்தேக்கங்கள் அதன் பிறகு வந்தவை.

சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்குள் போனால் ஒரு நாள் போதாது. மூன்றாம் சாலார் ஜங் என்கிற ஒரே மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததுதான் இதில் பெரும்பகுதி. அவர் 1949-இல் காலமானார், 1951-இல் அருங்காட்சியகத்தை நேரு திறந்து வைத்தார். நாங்கள் இரண்டு மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தோம். மூன்று பொருளை மட்டும் பார்ப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

முதலில் முக்காடிட்ட ரெபெக்கா. பென்சோனி என்ற இத்தாலியச் சிற்பி வெள்ளைப் பளிங்கில் செய்தது. முகத்தை மூடிய மெல்லிய துணியும் கல், உள்ளே தெரியும் முகமும் அதே கல். "ஈரத்துணி ஒட்டின மாதிரியே இருக்கு பாரு" என்று அத்தை கிட்டே போய்ப் போய்ப் பார்த்தார். அடுத்து மரத்தில் செய்த இரட்டைச் சிலை. முன்பக்கம் ஃபாஸ்ட் என்ற ஜெர்மன் நாடகத்தில் வரும் சாத்தான் மெபிஸ்டாஃபிலிஸ் நிமிர்ந்து நிற்கிறான், பின்பக்கம் அதே கட்டையில் அதே நாடகத்தின் பெண் மார்கரெட்டா தலை குனிந்து நிற்கிறாள். பின்னால் கண்ணாடி வைத்திருப்பதால் இரண்டும் சேர்ந்து தெரிகிறது. மூன்றாவது இசைக் கடிகாரம். மணியாகும் நேரத்தில் அதன் முன்னால் கூட்டம் கூடிவிடுகிறது. நாங்கள் 12 மணிக்குத்தான் குறி வைத்திருந்தோம். உள்ளே ஒரு கொல்லன் பொம்மை நொடிக்கு நொடி சம்மட்டியால் தட்டிக்கொண்டே இருக்கிறது. நேரமானதும் ஒரு சின்னக் கதவு திறந்து தாடிக்காரப் பொம்மை வெளியே வந்து 12 தடவை மணியடித்துவிட்டு உள்ளே போய்விட்டது. சின்னப் பிள்ளைகளெல்லாம் வாய்விட்டு எண்ணின. அத்தையும் எண்ணினார்.

சாப்பிட்டுவிட்டு, வெயில் இறங்கிய பிறகு சார்மினார். 1591-இல் முகமது குலி குதுப் ஷா கட்டியது. ஊரில் பரவிய கொள்ளைநோய் நின்றதற்கு நினைவாகக் கட்டினார் என்று சொல்வார்கள். நாலு பக்கமும் இருக்கும் கடிகாரம் பின்னால் 1889-இல் வைத்தது. மேலே போகும் படி குறுகிய சுருள் படி, அதனால் ஏறவில்லை. கீழே வளைவுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். சுண்ணச்சாந்தில் செய்த பூவேலை ஒவ்வொரு வளைவிலும் வேறு வேறு. சுற்றிலும் வண்டி வராத கல் பாவிய தரை. அத்தை நிம்மதியாக நடந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அலைமோதியது உண்மைதான். கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு நாள் வரலாம்.

சார்மினாருக்கு மேற்கே திரும்பினால் லாட் பஜார். மாமா சொன்னது அப்படியே உண்மை. தெரு முழுக்க வளையல். இரண்டு பக்கமும் கடைக்குக் கடை விளக்கு, ஒவ்வொரு விளக்குக்கும் கீழே ஆயிரம் கல் மின்னுகிறது. அத்தை தெருமுனையிலேயே நின்றுவிட்டார். நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, வா" என்றார்.

முதலில் கண்ணாடி வளையல். வளைகாப்புக்கு அதுதானே வேண்டும். அளவு கேட்டார் கடைக்காரர். டூ ஃபோர் என்றேன், நாத்தனார் எப்போதும் போடுவது அதுதான். இந்த அளவு எப்படி வருகிறது என்று பல பேருக்குத் தெரியாது. டூ ஃபோர் என்றால் உள்விட்டம் இரண்டு அங்குலமும் பதினாறில் நாலு பங்கும், அதாவது இரண்டேகால் அங்குலம். டூ சிக்ஸ் அதைவிட ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு பெரிது. யாருக்கு என்று கேட்டார். ஏழு மாதம் என்றதும் தலையை ஆட்டி, "டூ ஃபோர் நக்கோ" என்றார். நக்கோ என்றால் தக்கினி உருதுவில் வேண்டாம். இந்த மாதத்தில் கை வீங்கும், டூ சிக்ஸ் வாங்குங்கள் என்று கையைக் குவித்துக் காட்டிப் புரியவைத்தார். உடனே நாத்தனாருக்குப் போன் போட்டோம். பழைய வளையல் எதுவும் பத்து நாளாகக் கையில் ஏறவில்லை, மோதிரத்தையும் கழற்றிவிட்டேன் என்றாள். அந்த மனிதர் சொல்லாவிட்டால் விசேஷத்தன்று என்ன செய்திருப்போம்! நாத்தனாருக்கு டூ சிக்ஸ், விசேஷத்துக்கு வருகிறவர்களுக்கு மூன்று அளவில் கலந்து, மொத்தம் 20 டஜன் எடுத்தோம்.

அப்புறம் அரக்கு வளையல். ஐந்தாறு கடை தாண்டி, வாசலிலேயே அடுப்பு வைத்து வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நின்றோம். மரத்தில் அண்டும் பூச்சி சுரப்பதுதான் அரக்கு. கரி நெருப்பில் காட்டியதும் இளகி, சப்பாத்தி மாவு மாதிரி கைக்கு வளைகிறது. அதைக் கயிறு போல உருட்டி, வளைத்து, முனைகளைச் சேர்த்து, ஒரு மரக்கட்டையில் மாட்டி அளவு சரிசெய்கிறார். சூடு ஆறுவதற்குள் ஒவ்வொரு கல்லாக அழுத்த வேண்டும். இந்த வளையலுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

அத்தை கைப்பையைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்துப் பழைய வளையலை நீட்டினார். பெரியவர் அதை வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எத்தனை வருடம் என்று விரலால் கேட்டார். நாலு விரலைக் காட்டி, பத்துப் பத்தாக என்று நான் புரியவைத்தேன். எதுவும் சொல்லாமல் உட்காரச் சொன்னார். கல் உதிர்ந்த இடத்தை மட்டும் நெருப்பில் காட்டினார், மூன்று விநாடி கூட இருக்காது. இளகியதும் ஊசி முனையால் குழியைச் சுத்தம் செய்தார். டப்பாவில் கிளறி அதே அளவுக் கல் மூன்று தேடி எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுத்தினார். துணியால் துடைத்துக் கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டேன், கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார். அத்தை வளையலை அங்கேயே கையில் போட்டுக்கொண்டார். மாமா போன பிறகு அவர் கையில் நான் கல் வளையல் பார்த்ததில்லை.

அவரிடமே ஆறு ஜோடி வாங்கினோம். பேரம் பேசவில்லை. மற்றக் கடைகளில் பேசலாம், பேசத்தான் வேண்டும். ஒரு கடையில் 400 சொன்னதை அத்தை இரண்டு விரலைக் காட்டியே 250-க்குக் கொண்டுவந்தார்.

திரும்பும் வழியில் பத்தர்கட்டியில் திறந்திருந்த ஒரு முத்துக் கடையில் ஏறினோம். கடலே இல்லாத ஊருக்கு முத்து எப்படி வந்தது என்று அத்தை கேட்டார். நிஜாம்கள் காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து, பஸ்ரா முத்து என்று வந்தது. துளையிடுவதும் கோப்பதும் இங்கே தொழிலாக வேரூன்றிவிட்டது. இப்போது கடையில் இருப்பதில் பெரும்பாலும் சீனாவில் வளர்க்கும் நன்னீர் முத்து. அதைக் கடைக்காரரே மறைக்காமல் சொன்னார். நிஜ முத்தா என்று பார்க்க இரண்டை ஒன்றோடொன்று உரசச் சொன்னார். லேசாக நறநறவென்றது. கண்ணாடி மணி வழுக்கிக்கொண்டு போனது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று சின்னச் சரம் ஒன்று.

ராத்திரி 14 படியை அத்தை நேற்றைவிட மெதுவாகத்தான் ஏறினார். வெந்நீரில் துணி நனைத்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். வளையலைக் கழற்றாமலே தூங்குகிறார்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை

காலையிலேயே அறையைக் காலி செய்து, பெட்டியை வரவேற்பறையில் வைத்துவிட்டு கோல்கொண்டா கிளம்பினோம். வளையல் பையை மட்டும் வெயில் படாத மூலையில் வைக்கச் சொன்னேன். அரக்குக்கு வெப்பம் ஆகாது. காரில் வருகிறவர்கள் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கோட்டையின் உச்சிக்குப் போக ஏறத்தாழ 360 படி. அத்தை ஏற மாட்டார் என்பது திட்டம் போடும்போதே தெரியும். ஆனால் அவரை அழைத்து வராமல் இருக்கவும் மனசில்லை. இந்தக் கோட்டையின் வாசல் மண்டபத்தில், குவிமாடத்துக்குக் கீழே ஓரிடத்தில் நின்று கைதட்டினால் மேலே பாலா ஹிஸார் உச்சியில் கேட்கும். எதிரி வந்தால் மேலே இருப்பவருக்குச் சொல்ல அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. அத்தையை அங்கே நிழலில் உட்கார வைத்துவிட்டு நான் ஏறினேன்.

வழியில் ராமதாசர் சிறை. பத்ராசலத்தில் ராமர் கோயில் கட்ட வரிப்பணத்தை எடுத்ததற்காக கோபண்ணாவை, அதாவது ராமதாசரை, கோல்கொண்டா அரசர் தானா ஷா அடைத்து வைத்த அறை. சுவரில் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன். அவரே செதுக்கியது என்கிறார்கள். அத்தைக்காக முழுவதையும் வீடியோ எடுத்தேன். வீட்டில் அவர் பாடும் கீர்த்தனைகளில் இரண்டு ராமதாசருடையவை.

உச்சிக்குப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு போன் செய்தேன். "தட்டுங்க அத்தை." முதல் தடவை கேட்கவில்லை, பக்கத்தில் ஒரே பேச்சுச் சத்தம். நின்றிருந்த கல்லூரிப் பிள்ளைகளிடம் சொன்னேன். எல்லாரும் அப்படியே அமைதியானார்கள். மறுபடி தட்டச் சொன்னேன். டப், டப், டப். தூரத்தில் யாரோ துணி துவைக்கிற மாதிரி, ஆனால் தெளிவாக மூன்று தடவை. போனில் கேட்டது இல்லை, காற்றில் கேட்டது. பிள்ளைகள் பதிலுக்குக் கைதட்டினார்கள். "கேட்டுச்சா? கேட்டுச்சா?" என்று அத்தை போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இந்தக் கோட்டையை எட்டு மாதம் முற்றுகையிட்டுத்தான் 1687-இல் ஔரங்கசீப் பிடித்தார். மேலே நின்று பார்த்தால் ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று என்பது புரிகிறது.

அங்கிருந்து பக்கத்திலேயே குதுப் ஷாகி கல்லறைகள். எனக்கு இந்த மூன்று நாளில் மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனோ யாரும் முதலில் சொல்வதில்லை. தோட்டம், மரம், பெரிய பெரிய குவிமாடங்கள், கூட்டமில்லை, பெரும்பாலும் சமதரை. சார்மினாரைக் கட்டிய முகமது குலியின் கல்லறைதான் இருப்பதிலேயே பெரிது, 42 மீட்டர் உயரம். கடைசி அரசர் தானா ஷா மட்டும் இங்கே இல்லை. பிடித்துக்கொண்டு போய் தௌலதாபாத் கோட்டையில் வைத்திருந்தார்கள், அங்கேயே முடிந்துபோனார். ஒரு மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து சிறை வீடியோவை அத்தை இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் மெல்லிய குரலில் ராமதாசர் கீர்த்தனை ஒன்றைப் பாடினார். பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த அம்மா அருவாளைக் கீழே வைத்துவிட்டு, தெலுங்கில் கூடவே பாடினார்.

சாயந்திரம் நாம்பள்ளியில் ரயில். வளையல்களைத் துண்டைச் சுருட்டி அதில் கோத்து, மேலே இன்னொரு துணி சுற்றி, பெட்டியின் நடுவில் வைத்திருக்கிறேன். அத்தை லோயர் பெர்த்தில், காலை நீட்டி.

செவ்வாய், வீட்டில்

20 டஜனில் உடைந்தது நாலே நாலு. நாத்தனார் மதியமே வந்துவிட்டாள், விசேஷம் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. அத்தை ஒரு டூ சிக்ஸ் கண்ணாடி வளையலை எடுத்து, அவள் விரல்களைக் குவித்துப் பிடித்து, மெதுவாக ஏற்றிப் பார்த்தார். கட்டைவிரல் மூட்டில் ஒரு நொடி நின்றது, அப்புறம் வழுக்கிக்கொண்டு மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.